இரண்டு தட்டு

கோயம்புத்தூரில் வாங்கிய குதிரைக்குட்டி செல்லையனின் மினி லாரியில் கோட்டுச்சேரிக்கு வந்துகொண்டிருந்தது. குட்டி மிரளக்கூடாதென்று, வாங்கிய சிவநாதனும் பின்னாலேயே தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து வந்தார். கேபினில் அவர் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் போகலாம்.

பங்குனி வெயில் பொசுக்கியது. தஞ்சாவூர் தாண்டி இருவரும் டீக்கு இறங்கினார்கள். பாதி டீயில் இடியோடு மழை கொட்ட, செல்லையன் ஓடிவந்து ஏறினான்.

‘டப், டப்.’

“இந்தா கெளம்பிட்டேண்ணே!”

வழியில், கேபினில் சார்ஜில் கிடந்த சிவநாதனின் போன் விடாமல் அடித்தது. அடுத்தவர் போனை எடுப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டான்.

சிவநாதன் வீட்டு வாசலில் குடையோடு நின்ற அவர் மனைவி அன்னபூரணி பதறினாள். “அவரு நனைஞ்சிட்டாரா தம்பி? ஈரம் பட்டா இழுப்பு வந்துரும்.”

“தார்ப்பாய்க்குள்ள பத்திரமா இருக்காருக்கா. வழிநெடுக தட்டிக்கிட்டேதான் வந்தாரு.”

செல்லையன் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே குட்டி மட்டும் நின்றது.

அன்னபூரணியின் குடை கீழே விழுந்தது. “அவரு எங்க தம்பி?”

குட்டி முன்னங்காலைத் தூக்கி, கேபின் தகட்டில் நிதானமாக உதைத்தது.

‘டப், டப்.’