ஆறு மணிக்குக் கிளம்பியவள்

"முதல்ல கிளம்பறேன், எல்லாரும் மன்னிக்கணும்!"

சரியாக மாலை ஆறு. யேரின் எழுந்தாள், பொதுவாக ஒரு முறை குனிந்து வணங்கினாள், பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

துணை மேலாளர் மிரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளர் நம்குங் இன்னும் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது, நேற்று வேலைக்கு வந்தவள் கிளம்புவதா? சியோலில் எந்த ஆபீஸில் நடக்கும் இந்த அக்கிரமம்?

எல்லாம் அந்த முகாமால் வந்த வினை. தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ளட்டும் என்று நம்குங்கைக் கம்பெனி ஒரு மலைமேல் மூன்று நாள் தங்கவைத்தது. ஞானம் பெற்றுத் திரும்பியவர், வந்ததும் அறிவித்தார்.

"இனிமே எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். ஆறு மணியானா அவங்கவங்க கிளம்பலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பரீட்சை வைக்கிறார் என்பது யேரினைத் தவிர மற்ற பன்னிரண்டு பேருக்கும் உடனே புரிந்துவிட்டது.

முன்பெல்லாம் ஏழுக்குக் கிளம்புகிறவர், ஞானம் வந்த பிறகு நகர்வதே இல்லை. எட்டரைக்குக் காவலாளி வந்து விளக்கை அணைத்தால்தான் எல்லோருக்கும் விடுதலை. மூன்று வாரமாக இதே கதை. போன மாத அறிக்கையை மிரான் ஆறாவது தடவையாக அழகுபடுத்திக்கொண்டிருந்தாள். அவள் வீடு போய்ச் சேரும்போது மகன் தூங்கியிருப்பான்.

மறுநாள் காபி மெஷின் பக்கத்தில் யேரினைப் பிடித்தாள்.

"ஏம்மா, இந்த வெள்ளியோட உன் ப்ரொபேஷன் முடியுது. வேலை நிரந்தரம் ஆகணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"

"இருக்கு மேடம். ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்."

"அப்புறம் என்ன ஆறு மணிக்கே ஓட்டம்?"

"சார்தானே போகச் சொன்னாரு?"

"சொன்னா போயிடுவியா? போன்னு சொல்றது அவரோட பெருந்தன்மை. போகாம இருக்கறது நம்ம மரியாதை. மனசுல என்ன நினைக்கிறாருன்னு மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

"எனக்கு மூஞ்சி படிக்கத் தெரியாது மேடம். காதால கேக்கத்தான் தெரியும்."

வாயைப் பார்!

மதிப்பீட்டுத் தாளில் மிரான் தெளிவாக எழுதினாள்: 'மேலதிகாரியின் சொல்லுக்குக் கீழ்ப்படிவதில்லை. நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்க இயலாது.' ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டதில், கடமையைச் செய்த நிறைவு.

வெள்ளிக்கிழமை காலை நம்குங் அதைப் படித்தார். தூக்கமில்லாத கண்கள்.

"இத நீங்களா எழுதினீங்க?"

"ஆமா சார். நீங்க உட்கார்ந்திருக்கும்போதே அவ பாட்டுக்கு..."

"நான் ஏன் உட்கார்ந்திருந்தேன் தெரியுமாம்மா?" பெருமூச்சு விட்டார். "தலைவன்னா, கடைசி ஆள் வீட்டுக்குப் போன பிறகுதான் எழுந்திருக்கணும்னு முகாம்ல சத்தியம் வாங்கிட்டாங்க. இப்ப கிளம்புவாங்களா, அப்ப கிளம்புவாங்களான்னு மூணு வாரமா உங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டு பட்டினி கிடந்தேன். வீட்டுல என் பொண்டாட்டி பேச்சையே நிறுத்திட்டா."



நம்குங் பேனாவை எடுத்து, யேரின் என்ற பெயரை மட்டும் அடித்துவிட்டுத் தாளை மிரான் பக்கம் தள்ளினார்.

"குற்றச்சாட்டு ரொம்பச் சரி. என் பேச்சைக் கேக்காதவங்க பன்னிரண்டு பேர் இருக்கீங்க. முதல்ல உங்க பேரை எழுதுங்க!"