முதல் இழுப்பு

காலையிலேயே புகைந்து நின்றுபோன தன் புது ரம்ப மிஷினைக் காலடியில் போட்டுக்கொண்டு, மரம் அறுக்கிறவன் அடிமரத்தில் உட்கார்ந்து எதிரே அறுக்கும் சகலையையே பார்க்கிறான். சகலை கையில் இருப்பது, ஆறு வருஷத்துக்கு முன்னால் இவனே "இது தேறாது" என்று தூக்கிப்போட்ட மிஷின். கைப்பிடியில் இவன் சுற்றிய சிவப்பு டேப் இன்னும் இருக்கிறது. மதியம்வரை அறுத்தும் அதற்குக் குரல் கம்மவில்லை. சகலை அதை அணைத்து, மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த மரத்தூளைப் பழைய பல் பிரஷால் குழந்தைக்குத் தலைவாருவதுபோல் மெல்லத் தள்ளுகிறான். இவனுக்கு வயிறு எரிகிறது. "அப்படி என்னதான் பண்ணீங்க இதுக்கு?" "ஒண்ணும் பண்ணல சகலை. தினம் தொடச்சு வச்சேன், அவ்வளவுதான். இந்தாங்க, மிச்சத்த நீங்க அறுங்க." மிஷின் கிளம்பிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு இவன் அதன் ஸ்டார்ட் கயிற்றை இழுக்கிறான். முதல் இழுப்பிலேயே உறுமுகிறது. இவனிடம் இருந்தவரை ஒருநாளும் அது இப்படிக் கிளம்பியதில்லை.