ஓராண்டு காட்டும் கண்ணாடி

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷனுக்கு முன், ஓராண்டு கழித்து நாம் எப்படி இருப்போம் என்று காட்டும் கண்ணாடியின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாக வேண்டும். அதுதான் சட்டம்.

கனிஷ்கா ஆசையோடு போய் நின்றாள். பதினைந்து வருடமாக எந்தக் கல்யாணப் போட்டோவிலும் அவள் முன்வரிசையில் நின்றதில்லை. கண்ணாடிக்குள் அடுத்த வருடத்துக் கனிஷ்கா, ஏதோ கல்யாண மண்டபத்தில், சிறுத்த இடுப்போடு நின்றிருந்தாள்.

"எடை ரெண்டு கிலோதான் குறையுமுங்க. சாப்பாட்டுல கவனம் இல்லீனா வேற இடத்துல சதை போடும்," என்றார் நர்ஸ் ஸ்டெல்லா.

"அதெல்லாம் படிச்சுட்டனுங்க சிஸ்டர்."

கண்ணாடிக்குள் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கனிஷ்கா நாத்தனாருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டு, முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். அங்கே வயிறே இல்லை. மறுபடியும் இழுத்தாள்.

"ஏனுங் சிஸ்டர், எல்லாத்தையும் எடுத்தப்புறமும் இவ எதை மூடறா?"

"நாங்க கொழுப்பைத்தான் எடுப்போமுங்க," என்று ஸ்டெல்லா மெல்லச் சொல்லி, சம்மதப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார்.

வாங்குவதற்குக் கனிஷ்கா கையை நீட்டப் பார்த்தாள். அது முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.