ஆறு மணிக் கேள்விகள்

பொங்கியண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை மாட்டிக்கொண்டு, ஆறு மணிக்கே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

எதிரே இன்னொரு நாற்காலி. அதில்தான் மகன் பூபதிராஜா வந்து உட்காருவான். ஆறு மாதமாக ஒரு நாள் தவறியதில்லை.

இன்று ஆறரை ஆகியும் ஆளைக் காணோம்.

மருமகள் சமையலறையில் வல்லாரையை மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் மேட்டில் முந்தாநாளே பறித்து வைத்த கீரை. அந்தப் பச்சை நெடி இப்போதெல்லாம் அவளுக்குக் குமட்டுகிறது. கீரை மேல் குற்றமில்லை.

எழுபத்தெட்டு வயதில் மாமனாருக்கு மறதி வந்தது. பல் தேய்த்ததை மறந்து மறுபடி தேய்ப்பார். கறந்து முடித்த மாட்டிடமே திரும்பவும் சொம்பைத் தூக்கிக்கொண்டு போவார். செத்துப்போன மனைவி ராசம்மாளைக் கூப்பிட்டுக் காப்பி கேட்பார்.

எல்லைக்கு மலையாளப் பக்கம் இருந்த ஊர் அது. அங்கத்து டாக்டர் பார்த்தார். பிரஷர் ஏறாமல் கவனித்துக்கொள்ளுங்கள், நடக்க வையுங்கள், ராத்திரி நன்றாகத் தூங்கட்டும், எல்லாவற்றையும்விட தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள் என்றார்.

அதுவரை அப்பன் இருக்கிற பக்கமே எட்டிப் பார்க்காத பூபதிராஜா, அன்றிலிருந்து ஆளே மாறிப்போனான். வால்நட் வந்தது. வல்லாரை வந்தது. சாயங்காலம் தோப்பைச் சுற்றி நடை. காலை ஆறு மணிக்குக் கேள்வி.

பேர் என்ன, அப்பா பேர் என்ன, இது என்ன மாதம். ஆதார் கார்டில் மட்டும் இருக்கும் வீட்டுப் பேர் என்ன. எல்லாம் மலையாளத்தில். டாக்டருக்குத் தமிழ் வராது, அதற்காகத்தான் என்று ஊருக்குச் சொன்னான். பெரியவரும் நாக்கை வளைத்து வளைத்து ஒப்பித்தார். கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் மருமகள் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

இதையெல்லாம் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வேறு போட்டான். பால் சொசைட்டியில் பெண்கள் அவளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டுமாம். பால் கேனை இறக்கி வைத்துவிட்டு அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கே முகத்தைத் தேய்த்துக் கழுவத் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், வைத்தியம் பலித்துவிட்டது. பெரியவர் ராசம்மாளைத் தேடுவதை நிறுத்தினார். கன்று போட்ட தேதியைச் சரியாகச் சொன்னார். மகன் வரும் நேரம் கடிகாரம் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. வாழ்நாளில் அவன் அவரிடம் அத்தனை பேசியதே இல்லை.

மிக்ஸியை நிறுத்திவிட்டு அவள் அறைக்குப் போனாள். பூபதிராஜா கட்டிலில் மல்லாந்து, சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஏனுங்க, மாமா உக்காந்துட்டு இருக்கறாருங்க.”

“இனி எதுக்கு? அதான் நேத்தே பத்திரம் பதிஞ்சாச்சே. அந்த எழவு எலைய மாட்டுக்குப் போடு.”

சொல்லிவிட்டு, சுண்டுவிரலால் காதைக் குடைந்தான். விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். படுக்கை விரிப்பில் துடைத்தான்.

பதினொரு வருஷம் இந்த ஆளோடு இதே கட்டிலில் படுத்திருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நேற்று ரிஜிஸ்டர் ஆபீசில் பெரியவர் ஒரு கேள்விக்கும் திணறவில்லை. வீட்டில் பழகிய அதே கேள்விகள், அதே வரிசை. ‘அச்சன் மிடுக்கனாணல்லோ’, அப்பா கெட்டிக்காரர்தான் என்று அதிகாரி மெச்சிச் சிரித்தார். பரீட்சையில் தேறிய பையனைப் போல் பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். ரோட்டோரத் தென்னந்தோப்பு முழுக்க, கிணறும் சேர்த்து, ஐந்து நிமிடத்தில் அவர் கையைவிட்டுப் போனது.

மறதி வருவதற்கு முன்னால், பாதித் தோப்பு பொள்ளாச்சியில் இருக்கும் மகளுக்கு என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தார். அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. மருமகளும்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு கக்கூஸிலிருந்து வெளியே வருகிறவள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அவள் டம்ளரோடு வெளியே வந்தாள். பெரியவர் எதிர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாற்றை ஒரே மூச்சில் குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“பூபதி கோவமா இருக்கறானா அம்மிணி? நேத்து நாந் தப்பாச் சொல்லிப்போட்டனா?”

“எல்லாமே சரியாத்தானுங்க சொன்னீங்க, மாமா.”

அவர் முகத்தில் கவலை போனது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“எடத்த ஆருக்குக் குடுக்கறீங்கன்னு கேட்டாங்கல்ல, செல்வப்பிரியாவுக்குன்னு பட்டுனு சொல்லிப்போட்டேன். அந்தப் பேரு எனக்கு ஒருநாளும் தப்புனதில்ல.”

நிறுத்தி, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தப் புள்ள ஆரு அம்மிணி?”

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். அடியில் பச்சை ஒட்டியிருந்தது.

“ஆருன்னு தெரியலீங்க, மாமா” என்றாள் செல்வப்பிரியா.