வெள்ளாடு சட்டம் படித்த கதை

கோர்ட்டில் டவாலியாக இருந்த எங்கள் ஞானதுரை அத்தான், நான் மூத்தவளைச் சுமந்திருந்தபோது சொன்ன கதை இது.

ஒரு கோர்ட்டில், யாரும் வந்து படிக்கலாம் என்று ஒரு சட்ட நூலகம் இருந்தது. ஆளே வருவதில்லை, அன்று சாயங்காலமே நிரந்தரமாகப் பூட்டிவிடலாம் என்று முடிவானது. “இனி என்னை யார் புரட்டுவாங்க?” என்று அங்கிருந்த தடிச் சட்டப்புத்தகம் புலம்பியது.

“பூட்டினாத்தான் உங்களுக்குப் பாதுகாப்பு அண்ணாச்சி. கண்டவங்க கை படாது,” என்று சுவரோரம் உருகியது கரையான்.

அந்நேரம் ஒரு வெள்ளாடு உள்ளே நுழைந்தது. “ஐயோ, மேயவா வந்தே தாயி?” என்று புத்தகம் அலறியது.

“வாயைக் கழுவு! ரோட்டிலே மேஞ்சுதுன்னு என் குட்டியைப் பட்டியிலே அடைச்சுட்டாங்க. மீட்க வழி பார்க்கணும். வக்கீல் நரி பீஸுக்குக் குட்டியையே கேக்குது.”

புத்தகம் தானே விரிந்து அதற்கான பக்கத்தைக் காட்டியது. ஆடு எச்சில் ஊற ஊறப் படித்தது. ஆண்டவர் கிருபை, ஒரு ஓரத்தைக்கூடக் கடிக்கவில்லை.

“ஆட்டை நம்பாதீங்க அண்ணாச்சி!” என்று கரையான் பதறியது.

“கதவு வழியா வந்தவ கடிக்கலே தம்பி. நீ எந்த வழியா வந்தே?” என்றது புத்தகம்.

சாயங்காலம் பூட்டோடு வந்த பியூன் வாசலிலேயே நின்றுவிட்டான். படித்த சட்டத்தைப் பட்டியில் எடுத்துச் சொல்லி மீட்ட குட்டியோடு ஆடு வந்திருந்தது. பின்னால், பட்டியில் பிள்ளைகள் மாட்டிக்கொண்ட பசுவும் கழுதையும் படிக்க வரிசையில் நின்றன.

உங்கள் ஊர்க் கோர்ட்டுப் பக்கம் போனால், அங்கே இருக்கும் நூலக அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்களம்மா.