சேலா

பைபிளின் நாற்பத்தாறாம் சங்கீதத்தில் மூன்று இடங்களில் வரும் 'சேலா' என்ற ஒற்றைச் சொல், போதகரை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. விளக்கவுரைகளைப் புரட்டோ புரட்டு என்று புரட்டி, சனிக்கிழமைதான் துள்ளிக் குதித்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்! சேலான்னா, நிறுத்தி அமைதியா இருன்னு அர்த்தமாம். இத்தனை வருஷமா அதையும் சேர்த்துச் சத்தமா வாசிச்சிட்டிருக்கோம்!"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றாள் மனைவி.

"நாளைக்குச் செஞ்சே காட்டப்போறேன். நான் சேலான்னு சொன்னா, மறுபடி நானாப் பேசுற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை. முன்வரிசையில் வழக்கம்போல ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். போதகர் சேலா விதியைச் சபைக்கு அறிவித்து, முதல் மூன்று வசனங்களை அக்குவேறு ஆணிவேறாக விளக்கிவிட்டு, மேடையிலிருந்த மெத்தை நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடினார்.

"சேலா!"

சபை கப்சிப். ஓர் இருமல்கூட இல்லை. ஆகா, அமைதி என்றால் இதுவல்லவா அமைதி! போதகருக்கு உள்ளம் உருகிப்போயிற்று.

கண்களைத் திறந்தால், எதிரே வெறும் பெஞ்சுகள். மனைவி மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கே எல்லாரும்?"

"நீங்க குறட்டைவிட ஆரம்பிச்சதும், சத்தம்போடாம ஒவ்வொருத்தராக் கிளம்பிட்டாங்க."

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"நீங்களாப் பேசுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்களே! உங்க வாய் திறந்துதான் இருந்துச்சு. பேச்சுத்தான் வரலை."

"ஐயையோ, இன்னும் ரெண்டு சேலா பாக்கி இருக்கே!"

"கவலைப்படாதீங்க. வாரத்துக்கு ஒண்ணா வெச்சுக்கலாம்னு எல்லாரும் என் காதோட சொல்லிட்டுப் போயிருக்காங்க."