வயசு பத்தாது

"இந்தத் தடவையாவது என்னை ஓட விடுங்கண்ணே. இப்பத்தான் எனக்கு வயசு சரியாயிடுச்சே" என்றான் பொடியன்.

அண்ணன் காலை நீட்டினார். பொடியன் கீழே உட்கார்ந்து அவருடைய ஷூ லேஸைக் கட்டிவிட்டான். அடுத்து தையல்காரர் காலை நீட்டினார். அப்புறம் கேப்டன். அணியில் எல்லோருக்கும் லேஸ் கட்டுவது பொடியனின் வேலை. உடை மாற்றும் அந்தச் சின்ன அறை முழுக்கத் தைல வாசனை.

சர்வதேச உள்ளரங்கத் தடகளப் போட்டியில் ஆண்கள் தொடர் ஓட்டம். நான்கு பேர், ஆளுக்கு ஒரு சுற்று, கைமாற்ற ஒரு குச்சி. இரண்டு வருடமாக அணியோடு ஊர் ஊராகப் போகிறான் பொடியன், ஓடியதுதான் இல்லை. ஒவ்வொரு முறையும் வயசு பத்தாது என்று சொல்லிப் பை தூக்க வைத்துவிட்டார்கள். வீட்டிலோ இந்த முறை அனுப்பவே மாட்டோம் என்று ஒரே ரகளை. எங்காவது விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று அழுதார்கள். ஒரே ஒரு பதக்கம் வாங்கிவிட்டு வந்து, அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்டு மூலையில் உட்காருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

அதிர்ஷ்டமும் அவன் பக்கம் இருந்தது. நாலாவது ஆளாக ஓடும் போஸ்ட்மேன் போன மாதம் அணியிலிருந்து நிரந்தரமாக விலகிவிட்டார். அவருடைய மனைவிதான் வந்து பனியனைத் திருப்பிக் கொடுத்தார். பொடியனை விட்டால் வேறு நாதியில்லை.

கேப்டனுக்கு அரை மனதுதான். "கடைசி ஆளா ஓடு. நீ யாருக்கும் குச்சியைக் கொடுக்க வேண்டியதில்லை. கீழ போடாம கொண்டு வந்தா அதுவே பெரிய உபகாரம்" என்றார்.

பொடியன் ஏதோ கேட்க வாயெடுத்தான். பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று அண்ணன் அடக்கிவிட்டார்.

துப்பாக்கி வெடித்தது. பக்கத்து ஆள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் கிளம்பினார். குச்சியைத் தையல்காரரிடம் கொடுத்த பிறகும் விட மனமில்லாமல் பத்தடி கூடவே போனார். தையல்காரர் எப்படியோ சமாளித்தார். கேப்டன் வளைவில் யாரோ கைதட்டியதற்குத் திரும்பிக் கையாட்டிக்கொண்டே வந்ததில், மூன்று அணிகளில் மூன்றாவதாகிவிட்டார்கள்.

பொடியன் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். இரண்டு வருடம் பை தூக்கிய ஆத்திரமெல்லாம் காலுக்கு இறங்கியது. சாய்வான முதல் வளைவிலேயே ஒருவரைத் தாண்டினான். முன்னால் போன சிவப்புச் சட்டைக்காரர் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் அவரையும் தாண்டிக் கோட்டைத் தொட்டுவிட்டான். தலைகால் புரியாத சந்தோஷம். அழுகையும் சிரிப்புமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குள் சிவப்புச் சட்டை அணியின் தலைவர் நடுவரிடம் போய்விட்டார். இப்படி ஓடுகிறவனுக்கு இந்தப் பிரிவுக்கு உரிய வயது இருக்க வாய்ப்பே இல்லை, பதக்கம் எங்களுக்குத்தான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

பொடியன் தரையிலிருந்து எழுந்து நடுவரிடம் ஓடினான். பதக்கம் கழுத்துக்கு வராமலே போய்விடுமா? இவன் மூஞ்சியைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அப்போதே சொன்னேனே என்று கேப்டன் வேறு புலம்பத் தொடங்கினார்.

முதல் முறையாக அண்ணன் தம்பிக்காகப் பேசினார். "இவன் பொறந்த அன்னிக்கு வீட்டு வாசல்ல நின்னவன் நான். வயசெல்லாம் சரியாத்தான் இருக்கு. பாஸ்போர்ட்டைப் பாருங்க" என்றார்.

நடுவர் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைப் பார்த்தார். பொடியனின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தப் பிரிவுல நாலு பேருக்குமே எண்பது வயசு முடிஞ்சிருக்கணும். இவருக்குப் போட்டி ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் முடிஞ்சிருக்கு. தங்கம் உங்களுக்குத்தான், தாத்தா."